மலைச் செலவும் பாசறை வாழ்வும்
(ஹோட்டன் சமவெளியை முன்வைத்து ஒரு பாடம்)

மலையும் மலை சார்ந்த நிலமும் குறிஞ்சி என்று நம் வகுப்பறைகளில் ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். மாணவரும் அதனை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிப் புள்ளி பெறுகின்றனர். ஆனால் தென்மராட்சி மண்ணில் நின்று நாற்புறமும் நோக்கினால் தெரிவன தென்னையும் பனையும் மாவும் பலாவுமே. மலை எனத் தக்க ஒரு மேடும் இல்லை. நாம் மாணவராய் இருந்த காலத்திற் போர் நிகழ்ந்தது. 1990 ஆம் ஆண்டில் நின்றுபோன வடபுலப் புகையிரதப் பாதை 2014 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலேயே மீண்டும் யாழ்ப்பாணம் வரை திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த எம்போல்வார் பலர் மலையை ஏட்டிலும் படத்திலும் மாத்திரமே கண்டனர். மலை காணாத ஆசிரியர் மலை காணாத மாணவர்க்குக் குறிஞ்சி கற்பித்த காலம் அது.

இன்று வழி திறந்துள்ளது. நம் மாணவர் மலைநாடு செல்ல விரும்புகின்றனர். பழைய மாணவர் தம் பிள்ளைகளை அழைத்துச் செல்கின்றனர். இவ்விருப்பம் நன்று. எனினும் சமநிலத்தில் வளர்ந்தார் மலையிடத்து ஒழுகும் முறையைக் கற்றுக்கொண்டே செல்லல் வேண்டும். அதனை நாம் கற்றது நூலால் அன்று, ஒரு பிழையால். அப்பிழையையும் அதனாற் பெற்ற பாடத்தையும் இம்மலரில் எழுதி வைத்தல் கடன் எனக் கருதுகின்றோம்.

இடத்தின் இயல்பு

ஹோட்டன் சமவெளி நுவரெலியாவுக்குத் தெற்கே, கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே பரந்து கிடக்கும் புல்வெளியும் காடும் ஆகும். சிங்களத்தில் இது மகா எலிய தென்ன எனப்படும். 1831 முதல் 1837 வரை இலங்கைத் தேசாதிபதியாய் இருந்த வில்மட் ஹோட்டன் என்பாரின் பெயரே ஆங்கிலேயரால் இதற்கு இடப்பட்டது. 1969 இற் காப்பிடமாகவும் 1988 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010 இல் இலங்கையின் மத்திய மலைநாடு உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டபோது, சிவனொளிபாதமலைக் காடும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் போல இதுவும் அதில் ஓர் அங்கமாயிற்று. நம் நாட்டின் உயர்ந்த சிகரங்களிற் சிலவாகிய கிரிகல்பொத்தையும் தொட்டுபொலவும் இப்பூங்காவிலேயே உள்ளன.

மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளும் இவ்வுயர் நிலத்திலிருந்து நீர் பெறுகின்றன. இங்குள்ள குறுமரங்கள் முகிலைத் தம் இலையாலும் பாசியாலும் தடுத்துத் துளியாக்கி நிலத்திற்கு இறக்குகின்றன. ஆதலின் இதனை முகிற்காடு என்பர். மழை பெய்யாத நாளிலும் இக்காடு நீர் தரும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாது கிணற்றையே நம்பி வாழும் நமக்கு இதன் அருமையை விரித்துக் கூற வேண்டுவதில்லை. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாது எனத் தாவரவியலறிஞர் யோசேப்பு ஹூக்கர் கூறிய அறிவுரையை ஏற்று, 1873 இல் அக்கால அரசு தடை விதித்தது. கோப்பியும் தேயிலையும் மலைகளை மூடிய காலத்தில் இச்சமவெளி எஞ்சியமைக்கு அத்தடையும் ஒரு காரணம் ஆகும்.

குளிரின் கணக்கு

கூதிரும் முன்பனியும் ஆகிய குளிர்ப் பருவங்களையும், யாமம் என்னும் நள்ளிரவுப் பொழுதையும் குறிஞ்சிக்கு உரியனவாகத் தொல்காப்பியம் வகுத்தது. அவ்வகுப்பின் பொருத்தத்தைச் சிறு கணக்கினால் விளக்கலாம். ஆயிரம் மீற்றர் உயர உயர வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். சாவகச்சேரியில் 30 பாகையாய் இருக்கும் பொழுதில், 2,100 மீற்றர் உயரத்தில் அது 16 பாகை அளவிலேயே இருக்கும். இது நண்பகற் கணக்கு. தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு.

குளிர் தனித்து வருமாயின் அஞ்ச வேண்டுவதில்லை. குளிரும் ஈரமும் காற்றும் ஒருங்கு கூடுமிடத்தே உயிருக்குத் தீங்கு நேரும். பருத்தி ஆடை நனைந்தால் உடற்சூட்டைக் காவாது. அதனை வெளியே இழுத்துவிடும். கம்பளியோ நனைந்தும் ஓரளவு சூட்டைக் காக்கும். இச்சிறு செய்தியை அறியாமையே எம் பிழைக்கு மூலம்.

நிகழ்ந்தது

2016 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் பதினெட்டு மாணவரோடு அங்குச் சென்றோம். பூங்காவில் நடப்போர் பெரும்பாலும் செல்வது ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஒரு சுற்றுப்பாதை. சிறிய உலக முடிவு, பெரிய உலக முடிவு என்னும் இரண்டு பாறை விளிம்புகளும், பேக்கர் நீர்வீழ்ச்சியும் அதன்கண் உள்ளன. பெரிய உலக முடிவிலே நிலம் ஏறக்குறைய 880 மீற்றர் ஆழத்திற்கு அறுந்து வீழ்கின்றது. காலை ஒன்பது, பத்து மணியளவில் முகில் மேலேறி அக்காட்சியை மறைத்துவிடும் ஆதலின், விடியலிலேயே நடக்கத் தொடங்க வேண்டும் என எமக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்தது. நாமோ காலை உணவுக்கும் படம் எடுப்பதற்கும் நேரம் போக்கி, ஒன்பதரை மணிக்கே புறப்பட்டோம்.

இடைவழியிலே தூறல் பிடித்தது. விளிம்பை அடைந்தபோது வெண்முகில் அன்றி வேறொன்றும் தோன்றவில்லை. “இவ்வளவு தூரம் வந்து காணாமற் போவதா” என்னும் எண்ணத்தால், முகில் விலகும் என்று ஒரு மணி நேரத்திற்கு மேலாகக் காத்திருந்தோம். மாணவர் ஒருவர் பருத்திச் சட்டையொன்றே அணிந்திருந்தார். குளிர்கின்றதோ என்று ஒருகால் வினவினோம். “இல்லை, சேர்” என்றார். மீண்டும் வினவினோமல்லேம். சிறிது நேரத்தில் அவர் ஒருபுறம் அமர்ந்து பேச்சொழிந்தார். எழுப்பியபோது கால் தடுமாறிற்று, நாக் குழறிற்று. களைப்பென்றே நாம் எண்ணினோம்.

அவ்வழியே வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பம் ஒன்று அவரைக் கண்டு நின்றது. முதியவளாகிய ஓர் அம்மையார், “சார், தம்பிக்குக் குளிர் ஏறிருச்சு. ஈரச் சட்டைய மொதல்ல கழட்டுங்க” என்றார். கூறியதோடு அமையாது தம் தோளிற் கிடந்த கம்பளியை எடுத்துப் போர்த்து, பிளாஸ்கில் இருந்த சூடான தேநீரைச் சீனி மிகுதியாய் இட்டுச் சிறிது சிறிதாகப் பருகுவித்தார். அரைமணி நேரத்தின் பின்னரே மாணவர்க்கு உணர்வு தெளிந்தது. பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் சான்றிதழ் பெற்ற எமக்கு, அன்று பாடஞ் சொன்னவர் பள்ளிப் படியேறாதவரென்று தம்மைக் கூறிக்கொண்ட அவ்வம்மையாரே.

நடப்போர்க்குரிய விதிகள்

அன்று பெற்ற பாடத்தையும் பின்னர்க் கற்றவற்றையும் தொகுத்துக் கூறுவாம்.

முதலாவது, காலம். தை முதற் பங்குனி வரை மழை ஒப்பளவிற் குறைவு. வாயில் திறக்கும் விடியற்காலையிலேயே நுழைதல் வேண்டும். சுற்றுப்பாதைக்கு மூன்று முதல் நான்கு மணி நேரம் செல்லும். மண்சரிவாற் புகையிரதப் பாதையும் வீதியும் அறுபடல் மலைநாட்டில் அரிதன்று. ஆதலிற் புறப்படுமுன் விசாரித்தல் அவசியம். பட்டிப்பொல, ஒஹிய ஆகியன அண்மையிலுள்ள நிலையங்கள்.

இரண்டாவது, உடை. உள்ளே மெல்லிய ஆடை, அதன்மேற் கம்பளிச் சட்டை, எல்லாவற்றிற்கும் மேலே மழை அங்கி என மூன்றடுக்காக அணிக. நடக்கும்போது வியர்த்தால் ஒன்றைக் களைக. நின்றவுடன் மீண்டும் அணிக. மாற்றுச் சட்டையும் காலுறையும் நனையாதபடி பொதிந்து கொண்டு செல்க. செருப்புடன் செல்லற்க.

மூன்றாவது, உணவு. பனங்கட்டி, எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம் முதலியன சுமை குறைந்தவை. விரைவில் வலு அளிப்பவை. நம் பாட்டிமார் வழிநடைக்குக் கட்டித் தந்தவையே மலைக்கும் உகந்தவை. உணவை வாழையிலையிற் பொதிந்து செல்க. வாயிலிலே பைகளைச் சோதித்துப் பொலித்தீனை அகற்றுவர். அதனை இடையூறெனக் கொள்ளற்க. அங்குள்ள மரைகள் மனிதர் தரும் உணவுக்குப் பழகி, உப்பும் எண்ணெயும் படிந்த பொலித்தீனையும் விழுங்கி மாண்டமையாலேயே அவ்விதி உண்டாயிற்று. மரைக்கு ஊட்டுதல் அன்பன்று.

நான்காவது, விளிம்பு. 2015 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே தம் மனைவியைப் படம் எடுக்கப் பின்னோக்கி அடிவைத்த ஒல்லாந்து நாட்டவர் ஒருவர் பெரிய உலக முடிவிலிருந்து வீழ்ந்தார். கீழே ஒரு மரத்தில் தடைப்பட்டமையாற் பிழைத்துப் படையினரால் மீட்கப்பட்டார். அவர்க்கு வாய்த்த மரம் எல்லார்க்கும் வாய்க்கும் எனல் பேதைமை. படம் எடுப்போர் முதலில் நிற்க, பின்னரே எடுக்க.

ஐந்தாவது, கூட்டம். மெல்ல நடப்பவரை முன்னே விடுக. ஆசிரியர் ஒருவர் கடைசியில் வருக. நடுக்கம், தடுமாற்றம், குழறல், உறக்க விருப்பம் ஆகிய நான்கும் குளிர் உடலைப் பற்றியமைக்கு அறிகுறிகள். “குளிர்கின்றதா” என வினவுதல் போதாது. நம் பிள்ளைகள் மானத்தால் இல்லையென்பர். கையைத் தொட்டும் பேச்சைக் கேட்டும் அறிக. ஈர ஆடையை நீக்கிப் போர்த்துச் சூடான இனிய பானம் கொடுக்க. கைகால்களைத் தேய்த்தலும் மது கொடுத்தலும் தீது. குளிர் மிக ஏறியவர்க்கு வாயாற் பருக இயலாது. அவரை விரைந்து மருத்துவரிடம் சேர்க்க.

பாசறை

முகாம் என்னுஞ் சொல்லும், தறப்பாள் என்னுஞ் சொல்லும் நம் தலைமுறையினர் செவியில் வேறொரு பொருளோடு புகுந்தவை. 2000 ஆம் ஆண்டில் ஊர் முழுதும் இடம்பெயர்ந்தபோது கூடாரத்தினுள் உறங்கியவர் நம்முள் உளர். அத்தகையோரின் பிள்ளைகள் இன்று விரும்பிச் சென்று கூடாரம் அடிக்கின்றனர் என்பது நினைக்குந்தோறும் நெஞ்சை நெகிழ்விக்கும் மாற்றம்.

பூங்காவினுள் எண்ணிய இடத்திற் கூடாரம் அடித்தலாகாது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியை முற்கூட்டியே பெற்று, குறிக்கப்பட்ட இடத்திலேயே தங்கல் வேண்டும். அவ்விடத்துள்ளும் பள்ளத்தைத் தவிர்க்க. குளிர்ந்த காற்றுக் கனமானது ஆகலின் இரவிற் பள்ளத்தில் இறங்கித் தங்கும். நிலத்தில் தறப்பாள் விரித்து, அதன்மேல் தடித்த விரிப்பிட்டு உறங்குக. மேலிருந்து வருங் குளிரினும் நிலத்திலிருந்து ஏறுங் குளிரே கொடிது. உயரத்திற் காற்றழுத்தம் குறைவாதலின் நீர் 93 பாகையளவிலேயே கொதிக்கும். எனவே சோறு வேக நேரம் மிகும்; பருப்பு இன்னும் மிகும். எரிபொருளை அதற்கேற்பக் கொள்க. புல்வெளியில் தீ மூட்டல் பெருங்குற்றம். ஒரு பொறி பல ஏக்கரை அழிக்கும். உணவை வெளியே வைத்தால் காட்டுப்பன்றி நாடி வரும். சிறுத்தை உலவும் காடு ஆதலின் இருட்டிய பின் தனியே செல்லற்க. ரோச் லைற் ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும். ஓடையிற் சவர்க்காரம் இடற்க. அந்நீர் கீழே எத்தனையோ ஊர்களின் குடிநீர்.

திரும்புதல்

இவையனைத்தினும் முதன்மையான விதி ஒன்றுண்டு. அது திரும்புதல். “வந்தது வந்தோம்” என்னும் எண்ணமே மலையிற் பலரைக் கெடுத்தது. எம்மையும் கெடுக்கப் பார்த்தது. எந்நேரத்தில், எந்நிலையில் திரும்புவோம் என்பதைப் புறப்படும்போதே மாணவரறியக் கூறிவிடுதல் வேண்டும். அங்ஙனம் கூறிவிட்டால், திரும்பும்போது அது தோல்வியாய்த் தோன்றாது.

2019 தை மாதத்தில் மீண்டும் சென்றோம். விளிம்புக்கு அரைக் கிலோமீற்றர் இருக்கையில் மழை வலுத்தது. திரும்பினோம். மாணவர் முகம் வாடிற்று. ஒருவர்க்கும் காய்ச்சல் இல்லை. ஒருவரும் நனைந்த சட்டையோடு உறங்கவில்லை. மூன்றாம் முறை சென்றபோதே காலை ஏழு மணிக்கு உலக முடிவை முழுமையாய்க் கண்டோம். கீழே தேயிலைத் தோட்டங்களும் ஊர்களும் சிறு புள்ளிகளாய்க் கிடந்தன. பாதையோரத்தே நெலு என்று சிங்களத்தில் வழங்கும் செடிகளையும் கண்டோம். அவை நம் குறிஞ்சியின் இனத்தன. அவற்றுட் சில பல்லாண்டுக்கு ஒருமுறையே கூட்டமாய்ப் பூப்பன. அன்று பூ இல்லை. இலையைக் காட்டி, “இதுதான்” என்றோம். பரீட்சைக்கு மனனஞ் செய்த ஒரு சொல்லை மாணவர் கையாற் தொட்டுப் பார்த்தனர்.

2016 இல் குளிரால் வாடிய அம்மாணவர் இன்று பழைய மாணவருள் ஒருவர். இம்மலர் அவர் கையையும் அடையும். இரண்டாம் முறை வினவாதது எம் பிழை என்பதை அவர்க்கு நேரிற் கூறினோமல்லேம், இங்குக் கூறுகின்றோம். கம்பளி தந்த அம்மையாரின் பெயரைக் கேட்டறிய அன்று எமக்குத் தோன்றவில்லை. மலைக்குச் செல்லும் நம் மாணவர் ஒவ்வொருவரும், பிறர்க்குக் கொடுப்பதற்கென மேலதிகமாய் ஒரு போர்வை கொண்டு செல்வாராக. அதுவே அவர்க்கு நாம் செலுத்தக்கூடிய கைம்மாறு.