கூலி ஏறினால் தறி நிற்குமா?

ஆரணிப் பட்டு நெய்யும் வட்டாரத்தில், ஆரணியில் தொடங்கித் தேசூர் வரைக்கும், கூலி உயர்வு என்று யாராவது வாயெடுத்தால் பதில் தயாராக இருக்கும்: "சட்டப்படிக் கூலி கேட்டா முதலாளி பாவு கொடுக்கிறதை நிறுத்திடுவாரு. இருக்கிறதும் போயிடும்." முதலாளிகள் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருப்பவரும் இதையே சொல்லும்போதுதான் இந்த நம்பிக்கையைப் பிரித்துப் பார்க்கத் தோன்றுகிறது.

"கூலிதான் சேலை விலையை ஏத்துது"

அடக்க விலையை ஆட்டி வைப்பவை பட்டு நூலும் ஜரிகையும். ஜரிகை, வெள்ளி விலையோடு சேர்ந்து ஏறும். கோராப் பட்டின் விலை 2021 கடைசியிலும் 2022 தொடக்கத்திலும் தாறுமாறாக ஏறியது. அதற்கும் நெசவாளரின் கூலிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு பேச்சுக்கு, 10,000 ரூபாய்ச் சேலையில் நெசவுக் கூலி 2,000 என்று வைத்துக்கொள்வோம். கூலியில் கால் பங்கைக் கூட்டினாலும் சேலைக்கு 500 ரூபாய்தான் கூடும். முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தவர்கள் அதற்காக எழுந்து போய்விட மாட்டார்கள்.

அந்தக் கூலியும் ஒருவருடையது அல்ல. நெய்பவர் தறியில் இருக்க, வீட்டுப் பெண் ஊடைக்குத் தார் சுற்றுகிறார். பழைய பாவின் முனையோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்க வேண்டும். பாவைத் தெருவில் நீட்டும் விடியற்காலையில் நாலு பேர் வேண்டும். சேலைக்கு இவ்வளவு என்று பேசும் கூலியில் இவர்களுடைய நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் அது நெசவாளர் குடும்பத்தின் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்கூட ஈட்டவில்லை. குடும்பத்துக்கே அவ்வளவுதான்.

"கூலியை ஏத்தினா வேலை போகும்"

பாடப் புத்தகக் கணக்கு அப்படித்தான் சொல்லும். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது. டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அங்கும் பக்கத்துப் பென்சில்வேனியாவிலும் இருந்த துரித உணவுக் கடைகளை ஒப்பிட்டார்கள். ஆள் குறைந்ததற்கான அடையாளம் இல்லை. அந்த வகை ஆய்வுகளுக்காகக் கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. குரூகர் அதற்குள் காலமாகியிருந்தார். பொரித்த உருளைக்கிழங்குக் கடையும் குழித்தறியும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. ஆனால் கூலி கொடுப்பவர் ஒருவராகவும் வாங்குபவருக்கு வேறு போக்கிடம் இல்லாமலும் இருக்கும் இடத்தில், கூலி இயல்பாகவே இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே தங்கிவிடும் என்பது பொருளியலில் பழைய சங்கதி. அப்படிப்பட்ட இடத்தில் கூலியை உயர்த்தினால் வேலை குறைந்தே தீர வேண்டும் என்பதில்லை. முதலாளியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளரைவிட இதற்குப் பொருத்தமானவர் யார்? கடன் தீராமல் வேறு முதலாளியிடம் பாவு வாங்க முடியாது.

இந்த நம்பிக்கையில் ஒரு பகுதி உண்மை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கைத்தறிக்கு மட்டும் கூலியை ஏற்றிவிட்டு விசைத்தறியைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஆர்டர் அங்கே நகரும். அதைத் தடுக்கத்தான் 1985-இல் கைத்தறி ரகங்களை ஒதுக்கும் சட்டம் வந்தது. உச்ச நீதிமன்றமும் 1993-இல் அதை உறுதி செய்தது. ஒதுக்கிய ரகத்தை விசைத்தறியில் நெய்கிறார்கள் என்ற புகார் ஆரணிப் பக்கம் இன்றும் ஓயவில்லை. ஆக, வேலையைத் தின்பது அமல்படுத்தாத சட்டம்.

"இளசுகளுக்கு நெசவில் ஆர்வமில்லை"

செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளுக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் போய்வரும் பெண்களைக் கேட்டால் ஆர்வத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்பார்கள். அந்த வேலை ஒன்றும் சுகமானதில்லை. ஆனாலும் தறி காலியாவது கூலி ஏறியதால் அல்ல, ஏறாததால் என்பதற்கு அந்த பஸ்களே சாட்சி.

"கூலிக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

நெசவாளருக்கு வீடுதான் பட்டறை. குழி வெட்ட ஒப்புக்கொள்ளும் வீட்டுக்காரர் வேண்டும். கூடத்தின் நீளம் தறிக்குப் பத்த வேண்டும். ஐப்பசி மழையில் குழியில் ஊற்று எடுத்தால் அன்று நெசவு கிடையாது, கூலியும் கிடையாது. சொந்த வீடு இல்லாதவர் இன்னொருவர் வீட்டுத் தறியில் கூலிக்கு உட்கார்கிறார். சிப்காட்டுக்குப் போகும் மகள் சம்பளச் சீட்டைக் காட்டி வங்கியில் வீட்டுக்கடன் கேட்கலாம். அப்பாவிடம் இருப்பது முதலாளியின் நோட்டில் ஒரு வரி.

1957-இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு ஓர் அளவுகோல் வகுத்தது: உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, அரசின் தொழிலாளர் குடியிருப்புக்கு உரிய வாடகை. (72 கெஜம் என்பது பன்னிரண்டு சேலை நீளம். நெய்கிறவர் வீட்டில் எத்தனை இருக்கும்?) ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்காக 2020-இல் வந்த வரைவு விதிகள் வாடகையை உணவு, துணிச் செலவில் 10 சதவீதம் என்றன. அந்த 10 சதவீதத்தில் ஒரு குடும்பம் படுக்கலாம். தறியும் சேர்ந்து படுக்க இடமில்லை. தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம் என்பது, வீடே பட்டறை என்று அரசு ஓரளவு ஒப்புக்கொண்ட இடம். கூலிக் கணக்கு அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை.

"வீட்டில் நெய்கிறவனுக்குச் சட்டம் ஏது?"

இருந்தது. 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், ஒருவர் கொடுத்த பொருளை இன்னொருவர் தன் வீட்டில் வைத்துச் செய்து கொடுத்தால் அவரும் ஊழியரே என்று வெளிப்படையாகச் சொன்னது. பாவு கொடுத்துச் சேலை வாங்குவதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டாம். முதலாளிக்குக் கட்டுப்படியாகுமா என்பது குறைந்தபட்சக் கூலியில் கேள்வியே அல்ல என்று 1961-இல் கேரள ஓட்டுத் தொழில் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று 1982, 1983 தீர்ப்புகள் சொல்லின.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் ஊதியத் தொகுப்புச் சட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள தொழில், இல்லாத தொழில் என்ற பாகுபாட்டை அது எடுத்துவிட்டது, நல்லது. ஆனால் வீட்டில் வைத்துச் செய்பவரைச் சேர்த்திருந்த அந்த வரி புதிய விளக்கத்தில் இல்லை. அதற்குப் பதிலாக, உரிய அரசு யாரை ஊழியர் என்று அறிவிக்கிறதோ அவரும் ஊழியர் என்று ஒரு வாசகம் இருக்கிறது. பாவு வாங்கி வீட்டில் நெய்பவரை அப்படி அறிவிக்கும்படி சென்னையிடம் கேட்பதற்கு, தேசூர் நெசவாளர் யாருடைய முன்பணத்தையும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.