லேப்டாப் போனால் போகட்டும், ஃபைல் வேண்டும்!

பட்டனை அமுக்கினால் பழைய லேப்டாப் மூச்சே விடவில்லையா? உள்ளே பிள்ளைகளின் போட்டோ, வீட்டுப் பத்திர ஸ்கேன், கடைக் கணக்கு எல்லாம் மாட்டிக்கொண்டதா? பதற வேண்டாம். பல நேரம் கெட்டிருப்பது சார்ஜரோ, பேட்டரியோ, மதர்போர்டோதான். ஃபைல்கள் இருக்கும் டிஸ்க் நன்றாகவே இருக்கும். அவசரப்பட்டு, ‘விண்டோஸ் போட்டுக் கொடுங்க’ என்று கடையில் நீட்டுவதுதான் ஆபத்து.

1. முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி கழற்றக்கூடியது என்றால் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கினாலே சில லேப்டாப்கள் எழுந்துகொள்ளும்.

2. ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பா? எச்.டி.எம்.ஐ. கேபிளால் டிவியோடு இணையுங்கள். டிவியில் படம் வந்தால் கோளாறு திரையில்தான். அப்போதே பென்டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள்.

3. டச்பேடு மேலே தூக்கிக்கொண்டோ, அடிமூடி பிதுங்கியோ இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், நெம்பாதீர்கள். இது வீட்டு வைத்தியம் பார்க்கிற விஷயம் இல்லை.

4. லேப்டாப் ஆன் ஆகிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்ற வேண்டியதே இல்லை. வேறு கம்ப்யூட்டரில் ஒரு பென்டிரைவை, உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தின் பூட் டிரைவாக மாற்றி, அதிலிருந்து துவக்குங்கள். ‘நிறுவாமல் முயன்று பார்’ என்ற வழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறுவினால் பழையது அழிந்துவிடக்கூடும். திரை வந்ததும் ஃபைல்களை வேறொரு டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள்.

5. சுத்தமாக உயிரில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றலாம். பேட்டரி இணைப்பை முதலில் எடுங்கள். திருகுகள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்தத் திருகு எந்த இடமோ அங்கேயே செல்லோடேப்பில் ஒட்டிவிடுங்கள். உள்ளே இருப்பது 2.5 அங்குல சாட்டா டிஸ்க் என்றால் ஒரு சாட்டா-யு.எஸ்.பி. கேபிள் போதும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். மெல்லிய பட்டைபோல் இருக்கும் எம்.2 வகையில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு உண்டு. லேபிளைப் பார்த்து அதற்கேற்ற கேசிங் வாங்குங்கள். விலை மலிவான சில லேப்டாப்களிலும் புதிய மேக்புக்குகளிலும் சேமிப்புச் சில்லு போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்ற முடியாது.

6. கழற்றிய டிஸ்க்கை இன்னொரு கம்ப்யூட்டரில் செருகியதும், ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டால் கேன்சல்தான். ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் பயம் வேண்டாம். தொடரச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள், திறந்துவிடும். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எண் இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது.

7. ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருப்பதை முழுதாக எடுங்கள். டெஸ்க்டாப்பில் போட்டு வைத்ததும் அங்கேதான் இருக்கும். டேலி கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதன் டேட்டா ஃபோல்டரைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டும்.

8. பலரும் கோட்டை விடுவது தமிழ் எழுத்துருக்களை. பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய கட்டுரையைப் புதிய கம்ப்யூட்டரில் திறந்தால், ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குழம்பிக் கிடக்கும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிச் சாவிதான். அதனால் வரிக்கு வரி அரைப்புள்ளியாகத் தெரியும். ‘ஃபைல் கெட்டுப்போச்சு’ என்று அழித்துவிடாதீர்கள். பழைய டிஸ்க்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘ஃபான்ட்ஸ்’ இருக்கும். அந்த எழுத்துருவையும் எடுத்து நிறுவினால் தமிழ் வந்துவிடும். பிறகு என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தமிழக அரசே யூனிகோடை 2010-ல்தான் முறைப்படி ஏற்றது. அதற்கு முந்தைய ஃபைல்கள் எந்த எழுத்துருவில் இருந்தாலும் வியப்பில்லை.

9. டிஸ்க்கிலிருந்து ‘டிக்... டிக்...’ சத்தமா? உடனே மின் இணைப்பைத் துண்டியுங்கள். ஓட ஓடச் சேதம் கூடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்பதை நம்ப வேண்டாம். உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். மூடியைத் திறக்கவும் கூடாது, தூசி பட்டாலே தட்டு கீறும். முக்கியமான ஃபைல் என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம்தான் போக வேண்டும். செலவு அதிகம், சொல்லிவிடுகிறேன்.

10. தவறி அழித்த ஃபைல்களை ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடலாம். மீட்டதை அதே டிஸ்க்கில் சேமிக்காதீர்கள். எஸ்.எஸ்.டி.யில் அழித்தது திரும்புவது அரிது.

11. 32 ஜிபி பென்டிரைவில் இடம் இருந்தும் பெரிய வீடியோ ஏறவில்லையா? எஃப்.ஏ.டி.32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. காலியான பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

12. கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ‘டேட்டா எடுத்த பிறகுதான் ஃபார்மேட்’ என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ‘சி டிரைவ் மட்டும்தான் அழிப்போம்’ என்பார்கள். உங்கள் டாக்குமென்ட்ஸ் இருப்பதே சி டிரைவில்தான். லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் போடும்போது டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.