பின்பாரம் ஏற்றினால் வேன் லேசாகாது

உடன்குடி வட்டாரத்தில் வேனுக்குப் பின்னால் டிரெய்லர் இழுக்கும் யாரிடம் பேசினாலும் ஒரே பேச்சுதான்: “சாமானைப் பின்னால தள்ளி ஏத்துங்க அண்ணாச்சி, வேனுக்குப் பாரமே தெரியாது.” குலசேகரப்பட்டினம் தசராவுக்கு ஜெனரேட்டர் இழுத்துவரும் குழுக்காரர்கள் இதைச் சொல்கிறார்கள். வேனுக்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்திக்கொண்டு மணப்பாடு கடற்கரைக்கு வருகிறவர்களும் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஆளைக் கொல்லக்கூடிய யோசனை இது.

டிரெய்லரின் அச்சுக்குப் பின்னால் எடை கூடினால் முன்பக்கக் கொக்கி மேலே தூக்கும். கொக்கியோடு சேர்ந்து வேனின் பின்புறமும் தூக்கும். வண்டி லேசாக ஓடுவதாக ஓட்டுநருக்குத் தோன்றுவது அதனால்தான். பின்சக்கரங்கள் சாலையை அழுத்திப் பிடிக்கத் தேவையான எடையைத் திருடிவிட்டு, அதை லாபம் என்று சொல்கிறார்கள்!

எந்த டிரெய்லரும் ஒரு குறிப்பிட்ட வேகம் வரை, ஆடினாலும் தானாக அடங்கும். அந்த வேகத்தைத் தாண்டினால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, கடைசியில் வேனையும் இழுத்துக் கவிழ்க்கும். பின்பாரம் இந்த எல்லை வேகத்தைக் கீழே இறக்கிவிடுகிறது. “நாப்பதுல நல்லாத்தானே வந்தோம்” என்பதற்கு இதுதான் பதில். நாற்பதில் நன்றாக வந்த அதே டிரெய்லர் எழுபதில் சாட்டையாகச் சுழலலாம். ஆட்டத்தைத் தொடங்கிவைக்க எதிரே வரும் லாரியின் காற்றே போதும். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து, தேரிக்காட்டுச் செம்மணலையே அள்ளிக் குவிக்கிற காற்றுக்கு உங்கள் டிரெய்லர் எம்மாத்திரம்?

மாட்டுவண்டி ஓட்டிய நம் பெரியவர்களுக்கு இது தெரியும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். அதனால் வண்டியைப் பூட்டும்போதே சற்று முன்பாரம் வைத்துக் கட்டினார்கள்.

அமெரிக்காவில் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அமர வேண்டும் என்பார்கள். ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாகச் சொல்வார்கள். கொக்கி தூக்கி நிற்கலாம் என்று எந்த நாட்டிலும் சொல்வதில்லை. 500 கிலோ டிரெய்லர் என்றால் அமெரிக்கக் கணக்குப்படி 50 முதல் 75 கிலோ. டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, கொக்கிக்குக் கீழே செங்கல் அடுக்கி, அதன் மேல் வீட்டு எடை இயந்திரத்தை வைத்துப் பாருங்கள். கனமான சாமான் அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு இருக்கட்டும். இரண்டு முனையிலும் பிரித்து வைத்தாலும் ஆட்டம் கூடும். பிரிட்டனில் பாத் பல்கலைக்கழகத்தார் கேரவன்களை வைத்து ஆராய்ந்தபோதும், எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே பெரிய விஷயமாக வெளிப்பட்டது.

கொக்கியில் எடை அமர்ந்தால் வேனின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடிமானம் குறையும் என்ற பயம் மட்டும் நியாயமானது. அதற்கு மருந்து வேனுக்குள் இருக்கிறது. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. அந்தத் தொட்டியையும் பேட்டரியையும் பின்கதவோரம் வைத்தது யார்? அவற்றை முன்னால் நகர்த்துங்கள், வேண்டாததை இறக்குங்கள். பிறகு வேனை எடை மேடையில் ஏற்றி முன் அச்சு, பின் அச்சு, மொத்தம் என்று தனித்தனியாகச் சீட்டு வாங்குங்கள். உப்பு லாரிகள் ஓடும் தூத்துக்குடிக் கரையில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையைத் தாண்டியிருந்தால் டிரெய்லர் ஆசையை விட்டுவிடுங்கள்.

“ஆட்டம் வந்தால் ஆக்சிலேட்டரை மிதி, நேராகிவிடும்” என்பதும் தப்பு. ஆட்டத்தை வளர்ப்பதே வேகம்தான். காலை மெதுவாக எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், வெட்டி ஒடிக்காதீர்கள்.

“எஞ்சினுக்குத் தெம்பு இருந்தால் போதும்” என்பார்கள். இழுப்பதைவிட நிறுத்துவதுதான் பாடு. 40-ல் இருந்து 60-க்குப் போனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அத்தனையும் வேனின் தலையில்.

கொக்கி இருக்கும்போது சங்கிலி எதற்கு என்பவர்களுக்கு: கொக்கி கழன்ற பிறகுதான் சங்கிலிக்கு வேலை. கொக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள்.

டிரெய்லருக்குப் பதிவு வேண்டாம் என்பது சுத்தப் பொய். மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-வது பிரிவு, மற்ற வண்டிகளைப் போலவே டிரெய்லருக்கும் பதிவு வேண்டும் என்கிறது. வேனைக் கேரவனாக மாற்றுவதும் உங்கள் இஷ்டமல்ல. 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்து நடந்த பிறகு காப்பீட்டுக்காரர் முதலில் புரட்டுவது இந்தக் காகிதங்களைத்தான்.

இதையெல்லாம்விட எனக்கு வயிறு எரிவது பின்விளக்கு விஷயத்தில். வாழைத்தாரும் விறகும் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்கள் திருச்செந்தூர் சாலையில் இரவில் விளக்கே இல்லாமல் போகின்றன. பின்னால் பைக்கில் வருகிற பையனுக்கு, இடிக்கும் வரை அங்கே ஒரு வண்டி இருப்பதே தெரியாது. பின்புறம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று ஒளிரும் பட்டை ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்? ஊராட்சிகளும் விவசாயச் சங்கங்களும் முன்னின்று ஒட்டக்கூடாதா?

தசராக் குழுத் தலைவர்களே, முத்தாரம்மன் கோயிலில் கொடியேறுவதற்கு முன்பே உங்கள் டிரெய்லரை வெளியே இழுத்து நிறுத்துங்கள். ஜெனரேட்டரை அச்சுக்கு முன்னால் நகர்த்திக் கட்டுங்கள். விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் பாருங்கள். எரியாவிட்டால் அந்த டிரெய்லரைச் சாலைக்குக் கொண்டுவராதீர்கள்.