கைக்கேற்ற கருவி

நுழையும்முன்

கதிர் அறுக்கும் அரிவாளும் களை கொத்தும் களைக்கொட்டும் இரும்பால் ஆனவையே. ஆயினும், ஒன்றின் வேலையை மற்றொன்று செய்வதில்லை. கணினித்திரையும் ஒரு கருவிதான். விரலுக்கென வடிவமைத்த திரையை, விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் பழகிய கையிடம் கொடுத்தபோது நேர்ந்தது என்ன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

விரல்கள் பெற்ற கல்வி

விழுப்புரம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க் கூட்டம் நடைபெறுவது வழக்கம். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டிவனத்திலிருந்தும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு எனப் பல கோரிக்கைகளோடு மக்கள் வருவர். அவர்களுள் பலருடைய குறை, கணினித் தட்டச்சுக் கடையில்தான் மனுவாக உருப்பெறுகிறது. மனுதாரர் சொல்லச் சொல்லத் தட்டச்சரின் கண் திரையில் நிலைத்திருக்கும். விரல்கள் விசைகளைத் தாமே கண்டடையும்.

இத்திறன் ஒரே நாளில் வருவதன்று. 1999ஆம் ஆண்டு உருவான ‘தமிழ்99’ விசைப்பலகை, உயிரெழுத்துகளை இடக்கைப் பக்கமும் பெரும்பாலான மெய்யெழுத்து வரிசைகளை வலக்கைப் பக்கமும் அமைத்துள்ளது. இதனையோ பழைய தட்டச்சுப்பொறி முறையையோ பயின்றவர்களின் விரல்களுக்குள் பல மாதப் பயிற்சி உறைந்திருக்கிறது. பக்கக் கணக்கில் கூலி பெறும் தட்டச்சருக்கு அதுவே முதலீடு.

சுட்டியும் விரலும்

கணினிக்கும் மனிதருக்கும் இடையே நின்று இருவரையும் இணைக்கும் திரையமைப்பை இடைமுகம் என்பர். அமெரிக்க உளவியலாளர் பால் பிட்ஸ் 1954ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, இடைமுக வடிவமைப்பின் அடிப்படைகளுள் ஒன்றாக விளங்குகிறது. இலக்கு அருகிலும் பெரிதாகவும் இருந்தால் கை அதனை விரைவில் அடையும். தொலைவிலும் சிறிதாகவும் இருந்தால் காலம் கூடும் என்பதே அதன் சாரம்.

மவுஸ் எனப்படும் சுட்டி, மிகச்சிறிய குறியையும் துல்லியமாகத் தொடவல்லது. எவ்வளவு வேகமாக நகர்த்தினாலும் அதன் அம்புக்குறி திரையின் விளிம்பைத் தாண்டாது. ஆகவே, குறிபார்க்காமலேயே அடையத்தக்க இடம் திரையின் மூலையாகும். 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95, ‘ஸ்டார்ட்’ பொத்தானை இடப்பக்கக் கீழ்மூலையையொட்டி வைத்தது. விரலோ தடிமனானது, தொடும் இடத்தைத் தானே மறைப்பது. அதற்குப் பெரிய கட்டங்களும் அகன்ற இடைவெளியும் வேண்டும். நிமிர்ந்து நிற்கும் திரையை நெடுநேரம் தொட்டுக்கொண்டிருந்தால் தோளும் கையும் சோர்வடையும்.

உருமாறிய திரை

2007இல் ஐபோனும் 2010இல் ஐபேடும் வெளிவந்தன. தொடுதிரையின் வெற்றியைக் கண்ட மென்பொருள் உருவாக்குநர்கள், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே முகம் போதுமெனக் கருதினர். 2012 அக்டோபர் 26 அன்று வெளியான விண்டோஸ் 8, ‘ஸ்டார்ட்’ பொத்தானை நீக்கியது. கணினியை இயக்கியவுடன் வண்ணக் கட்டங்கள் திரை முழுவதையும் நிறைத்தன. சில கட்டளைகள் மூலைகளில் மறைந்திருந்தன. கணினியை அணைக்கும் வழியைக்கூடப் பலர் தேட வேண்டியதாயிற்று. கட்டற்ற மென்பொருளான லினக்ஸ் உலகிலும் 2011இல் பரவிய ‘யூனிட்டி’, ‘க்னோம் 3’ ஆகிய புதிய முகப்புகள் இத்தகைய மனக்குறையைத் தோற்றுவித்தன.

தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியதும் 2011இல்தான். பல இல்லங்களில் முதன்முதலாகக் கணினி நுழைந்த காலமும், கணினியின் முகம் மாறிய காலமும் ஒன்றாயின. பழைய திரையின் படத்தைப் பார்த்துப் பயின்றவர், புதிய திரையின்முன் மீண்டும் முதல் வகுப்பில் அமர நேர்ந்தது.

இதனைப் புதுமைக்கு அஞ்சும் மனநிலை எனத் தள்ளிவிட இயலாது. கடையில் தட்டச்சருக்கு வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் வரிசையில் நிற்போரின் நிமிடமே. திரையமைப்பு மாறியதால், தேர்ந்த கைகள் தம் பிழையின்றியே கற்றுக்குட்டிக் கைகளாயின.

திரும்பிவந்த பொத்தான்

பயனர்களின் குரல் வீண்போகவில்லை. 2013 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8.1, பொத்தானைத் திருப்பித் தந்தது. எனினும், அதனை அழுத்தினால் கட்டங்களே தோன்றின. 2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10இல் பழைய பட்டியல் புதுவடிவில் மீண்டது; தொடுதிரைக்கெனத் தனிப்பயன்முறையும் அமைந்தது. இரு வகைக் கைகளுக்கு இரு வழிகள் என்பதே அதன் தீர்வு. லினக்ஸ் பயனர்கள் இன்னும் ஒரு படி முன்னே சென்றனர். மூலநிரல் எவரும் திருத்தத்தக்கதாக இருந்தமையால், பழைய ‘க்னோம் 2’ முகப்பை ‘மாட்டே’ என்னும் பெயரில் தாமே தொடர்ந்து வளர்த்தனர்.

தொடுதிரையைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. தட்டச்சு அறியாத திண்டிவனத்து நிலக்கடலை உழவர், தம் திறன்பேசியில் விரல்தொட்டுச் சந்தை விலையை அறிகிறார். சுட்டியும் விசைப்பலகையும் திறவாத கதவை அது அவருக்குத் திறந்தது. ஆனால், அவருக்குத் திறந்த கதவு தட்டச்சருக்கு மூடப்படுதல் முறையாகாது. புதியது வருகையில் பழகிய வழியையும் சிறிதுகாலம் விட்டுவைப்பது, உழைப்பவரின் திறனுக்குச் செய்யும் மதிப்பாகும். கருவியைச் செய்பவர் முதலில் அறியவேண்டியது, அதனைப் பிடிக்கப்போகும் கையையே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள கணினித் தட்டச்சர் ஒருவரைச் சந்தித்து, மென்பொருள் மாற்றங்களால் அவர் அடைந்த நன்மை தீமைகளைக் கேட்டுத் தொகுக்க.

2. திறன்பேசியிலும் கணினியிலும் ஒரே பத்தியைத் தமிழில் தட்டச்சு செய்து, எடுத்துக்கொண்ட நேரத்தையும் நேர்ந்த பிழைகளையும் ஒப்பிட்டு எழுதுக.