எட்டா, பதினாறா? காரைக்காலில் ஒரு கிராபிக்ஸ் கார்டு கணக்கு

காரைக்கால் எல்லைக்குள் நுழையும் வெளியூர் வண்டிகள் முதலில் ஒதுங்குவது பெட்ரோல் பங்க்கில்தான். காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் வரி குறைவு. நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்களுக்கு இது பழகிப்போன லாபம். அதே நினைப்போடு கம்ப்யூட்டர் கடைப் படியேறி கிராபிக்ஸ் கார்டு விலை கேட்பவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். பெட்ரோலும் மதுவும் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்பவை. கார்டு அதற்குள் அடங்கியது. காரைக்காலில் வாங்கினாலும், நாகூரில் வாங்கினாலும், இரவு ரயிலேறி சென்னை ரிச்சி தெருவுக்கே போனாலும் வரி 18 சதவீதம். ஆக, ஊர் மாறுவதால் மிச்சம் பெரிதாக வராது. கார்டு மாறுவதால் வரும்.

கடைக்காரர் சொல்லும் விலை நியாயமா என்று பார்க்க ஒரு சுருக்கு வழி உண்டு. தயாரிப்பாளர் அறிவித்த டாலர் விலையில் வரி சேர்ந்திருக்காது. அதை அன்றைய ரூபாய் மதிப்பால் பெருக்கி, 1.18-ஆல் மறுபடி பெருக்க வேண்டும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கார்டு 2025 ஜூனில் 349 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. டாலர் 90 ரூபாய் என்று கொண்டால் சுமார் 37,000 வருகிறது. இதைவிட ஆயிரம், இரண்டாயிரம் கூடினால் பொறுக்கலாம். ஏழெட்டாயிரம் கூடினால் கேள்வி கேட்கலாம்.

அடுத்தது, எல்லோரும் போடும் வகுத்தல்: விலையை, விளையாட்டில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறதோ அதால் வகுப்பது. கற்பனையாக மூன்று கார்டுகள். 25,000 ரூபாய்க்கு 80 ஃபிரேம், 32,000-க்கு 100, 40,000-க்கு 110. ஃபிரேம் ஒன்றுக்கு முறையே 312, 320, 364 ரூபாய். மலிவானதே சிறந்தது என்று இந்தக் கணக்கு தீர்ப்பு சொல்லிவிடும். ஆனால் கார்டு தனியாக ஓடாது. ப்ராசஸர், போர்டு, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ், மானிட்டர் எல்லாம் சேர்த்து 50,000 ரூபாய் என்று வைத்து மறுபடி வகுத்தால் வரிசை தலைகீழாகிறது: 937, 820, 818. புதிதாக அசெம்பிள் செய்பவருக்கு மலிவான கார்டுதான் விலை கூடியது!

ஏற்கெனவே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் கூடுதலாகக் கிடைப்பதை மட்டும் எண்ண வேண்டும். பழைய கார்டில் 60 ஃபிரேம் வந்துகொண்டிருந்தால், 25,000 கொடுத்து அவர் பெறுவது 20 ஃபிரேம்தான். ஒன்றுக்கு 1,250 ரூபாய். நடு கார்டு அதே கணக்கில் 800. எந்த விலை, யாருடைய ஃபிரேம் என்று கேட்காமல் போடும் வகுத்தலால் பயனில்லை.

ஃபிரேம் எண்ணிக்கையிலும் சூட்சுமம் இருக்கிறது. 2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு, 1,599 டாலருக்கு வந்த 4090-க்கு ஈடான வேகம் தரும் என்றார். செயற்கை நுண்ணறிவு இடையிடையே செருகும் ஃபிரேம்களையும் சேர்த்து எண்ணினால்தான் அந்தக் கூற்று நிற்கும். செருகிய ஃபிரேம் காட்சியை வழவழப்பாக்கும். சுட்டியை அழுத்தியதற்கும் திரையில் துப்பாக்கி வெடிப்பதற்கும் உள்ள தாமதத்தைக் குறைக்காது. விமர்சனங்களைப் படிப்பவர் செருகல் இல்லாத எண்ணையும், சராசரியோடு கூடவே ‘1 சதவீதக் குறைந்த ஃபிரேம்’ என்ற எண்ணையும் பார்க்க வேண்டும். திக்கித் திணறும் தருணங்கள் அதில்தான் தெரியும். வீட்டிலுள்ள மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் 110 ஃபிரேமுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி கண்ணுக்கே வராது. அவர் முதலில் மாற்ற வேண்டியது மானிட்டரை.

ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். 2018-இல் ஜிடி 1030 கார்டு டிடிஆர்4 நினைவகத்தோடு ஓசையில்லாமல் வந்தது. நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபியிலிருந்து 17 ஜிபிக்குச் சரிந்திருந்தது. பெயர் மட்டும் அதேதான். ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி பதிப்பில் நினைவகத்தோடு கோர்களும் குறைவு, 2,560-க்குப் பதில் 2,304. பில்லில் ‘3050’ என்று மட்டும் எழுதித் தருபவரிடம் முழு மாடல் எண்ணையும் எழுதச் சொல்வது மரியாதைக் குறைவல்ல.

இன்றைய பெரிய குழப்பம் 8 ஜிபியா, 16 ஜிபியா என்பது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ இரண்டு அளவிலும் வந்தது: 379 டாலர், 429 டாலர். சில்லு ஒன்றே. நினைவகம் போதுமான இடத்தில் இரண்டும் ஒரே வேகம். போதாத இடத்தில் சின்னது முடங்கும். ஏனென்றால் மிஞ்சிய தகவல், கார்டை விட்டு இறங்கி கம்ப்யூட்டரின் சாதாரண ரேமுக்குப் போய்த் திரும்ப வேண்டும். இந்த கார்டுக்கு அந்தப் பாதையில் எட்டு தடங்கள்தான். போர்டும் பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 என்றால் நெரிசல் இன்னும் கூடும். பழைய போர்டு வைத்திருப்பவர்கள்தான் மலிவான 8 ஜிபியைத் தேடுகிறார்கள், அடியும் அவர்களுக்கே பலமாக விழுகிறது. இன்டெலின் ஆர்க் பி580 இதற்கு விடை போலத் தோன்றும். 249 டாலருக்கு 12 ஜிபி. ஆனால் பழைய ப்ராசஸரோடு சேர்ந்தால் அதன் வேகம் கணிசமாகக் குறைவதை 2025 தொடக்கத்தில் விமர்சகர்கள் அளந்து காட்டினார்கள்.

திருவேட்டக்குடியில் இருக்கும் என்ஐடி மாணவருக்கு ஃபிரேம் கணக்கே பொருந்தாது. எந்திரக் கற்றல் பாடங்களும் எடுத்துக்காட்டு நிரல்களும் பெரும்பாலும் என்விடியாவின் குடா (CUDA) மென்பொருள் தளத்தை நம்பியிருப்பவை. 700 கோடி அளவுருக்கள் கொண்ட மொழி மாதிரியை 16 பிட்டில் ஏற்ற 14 ஜிபி வேண்டும். 4 பிட்டுக்குச் சுருக்கினால் நான்கு ஜிபிக்குள் அடங்கும். முதல் செமஸ்டருக்கு கூகுள் கோலாபில் இலவசமாகக் கிடைக்கும் 16 ஜிபி டி4 கார்டு போதும். அதன் நேரக் கட்டுப்பாடு கையைக் கட்டும்போது 5060 டிஐ 16 ஜிபி வாங்கலாம். வேகமான 8 ஜிபியைவிட நிதானமான 16 ஜிபி இவருக்கு மேல்.

கல்யாண வீடியோ ஸ்டூடியோக்காரர் கதை வேறு. சோனி கேமராக்கள் பலவும் 10 பிட் 4:2:2 வடிவில் பதிகின்றன. அதை ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரையிலான என்விடியா கார்டுகள் வன்பொருளால் விரிக்காது. 50 வரிசைதான் அதைச் செய்கிறது. ஆனால் 11-ஆம் தலைமுறை முதலான இன்டெல் ப்ராசஸர்களுக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், ஹெச்.265 (HEVC) முறையில் பதிந்த கோப்புகளுக்கு அந்த வேலையைச் செய்துவிடும். ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று, உள் கிராபிக்ஸ் இல்லாத ‘எஃப்’ ப்ராசஸரை வாங்கிவிட்டு, டைம்லைன் இழுக்கிறது என்று பெரிய கார்டு தேடுவது வீண் செலவு.

செகண்ட் ஹேண்டில் நல்ல சரக்கும் உண்டு. 2022 செப்டம்பரில் எத்திரியம் நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு நடந்த சுரங்க முறையைக் கைவிட்டதும் ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தன. விலையைப் பேசுமுன் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்; அரை மணி நேரம், முழுச் சுமையில். கடலோர ஊர் என்பதால் ஒன்று கூடுதல்: பின்தகடு, திருகுகள், போர்ட்டுகள், ஹீட்சிங்க் இடுக்குகளில் உப்புக்காற்று அரித்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஜன்னலோரம் கம்ப்யூட்டர் வைத்த வீட்டு கார்டில் இது சாதாரணம்.

மின்சாரமும் கணக்கில் வரும், ஆனால் பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. 115 வாட் கார்டுக்கும் 190 வாட் கார்டுக்கும் உள்ள வித்தியாசம், தினமும் நான்கு மணி நேரம் ஓட்டினால், ஆண்டுக்கு 110 யூனிட் அளவே. எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்பதே பெரிய கேள்வி. அலுவலகத்தில் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டரில் கூடுதல் மின்இணைப்பே இருக்காது. அங்கே தனி இணைப்பு கேட்காத 70 வாட் 3050 6 ஜிபிக்கு மறுபேச்சில்லை.

புதிதாக அசெம்பிள் செய்து விளையாட நினைப்பவருக்கு இப்போதைய தேர்வு 9060 எக்ஸ்டி 16 ஜிபி. அதற்கு 16 தடங்களும் இருக்கின்றன. படிப்புக்கும் விளையாட்டுக்கும் ஒன்றே வேண்டும் என்பவர் கூடுதல் பணம் போட்டு 5060 டிஐ 16 ஜிபி எடுக்கலாம். 30,000 ரூபாய்க்கு மேல் 8 ஜிபி கார்டு எதையும் வாங்க வேண்டாம். வாங்கும் எதற்கும் சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; வாரன்டிக்கு அனுப்பும் நாளில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.