ஆங்கிலம் கற்போம்: ‘ஃபெட் அப்’



ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது “அலுத்துப் போச்சு” என்கிறோம். இதற்கு ஆங்கிலேயர் பேச்சில் வழங்கும் சொற்றொடர்களுள் ஒன்று ‘ஃபெட் அப்’ என்பதாகும்.

‘ஃபீட்’ என்றால் உணவூட்டு. அதன் இறந்தகால வடிவம் ‘ஃபெட்’. ‘அப்’ என்பது இங்கே ‘முற்றாக’ என்னும் பொருளைச் சேர்க்கின்றது. கழுத்துமட்டும் உண்டவனுக்குப் பாயாசமும் தெவிட்டும் அல்லவா? அவ்வாறே, தாங்கும் அளவுக்கு மேல் ஒன்றை அனுபவித்தவனின் மனநிலையை இத்தொடர் உணர்த்துகின்றது.

வினைபோலத் தோன்றினும் இது பெயரடைபோலவே வழங்கும். ஆகவே முன்னால் ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’ போன்ற ஒரு சொல் வரவேண்டும். ‘ஐ ஃபெட் அப்’ என்பது பிழை. எதனால் அலுப்பு என்பதைக் கூற ‘வித்’ சேர்த்து, அதன்பின் பெயர்ச்சொல்லையோ ‘இங்’ என முடியும் சொல்லையோ இடுக.

1. ஐ ஆம் ஃபெட் அப் வித் திஸ் நொய்ஸ். – இந்தச் சத்தம் எனக்கு அலுத்துவிட்டது.

2. ஷீ இஸ் ஃபெட் அப் வித் வெயிற்றிங். – காத்திருந்து காத்திருந்து அவள் சலித்துப்போனாள்.

‘போர்ட்’ என்பதும் இதுவும் ஒன்றா? அல்ல. ‘போர்ட்’ வெறும் சலிப்பு. ‘ஃபெட் அப்’ என்பதில் எரிச்சலும், ‘இனிப் பொறுக்க முடியாது’ என்னும் தொனியும் உண்டு. இன்னொரு கவனம்: ‘ஐ ஆம் போரிங்’ என்று கூறிவிடாதீர்கள். ‘நான் பிறருக்கு அலுப்பூட்டுபவன்’ என்பதே அதன் பொருள்!

சொல் மாறினால் மனமும் மாறித் தோன்றும். நோயுற்ற தாயை இரவு பகலாகப் பராமரிக்கும் மகள் ஒருத்தி, தன் களைப்பைக் கூற நினைத்து, ‘ஐ ஆம் ஃபெட் அப் வித் மை மதர்’ என்று வைத்தியரிடம் கூறினால் என்னவாகும்? தாயையே வெறுத்துவிட்டாள் என்றல்லவா அவர் எண்ணுவார்! ‘ஐ ஆம் வெரி ரயர்ட்’ என்றாலே போதும். அதனோடு ‘ஒவ் மை மதர்’ என்று சேர்த்தாலோ, மீண்டும் தாய்மீது சலிப்பு என்றாகிவிடும். களைப்பு வேறு, வெறுப்பு வேறு.

இது நெருங்கியவர்களுடன் பேசும் வழக்கு. விண்ணப்பக் கடிதத்திலோ நேர்முகப் பரீட்சையிலோ இதனைத் தவிர்த்தல் நன்று.

பயிற்சி: ‘இந்த மழை எங்களுக்கு அலுத்துவிட்டது’ என்பதை ஆங்கிலத்தில் கூறுக.

விடை: வீ ஆர் ஃபெட் அப் வித் திஸ் ரெயின்.