லினக்ஸ் விளையாட்டிற்குச் செயலி தேர்தல்

லினக்ஸ் இயக்குதளத்திற் கணினி விளையாட்டுக்களை ஆடவும், அவ்வப்போது அவ்வாட்டத்தைப் பிறர்க்கு நேரலையாகக் காட்டவும் விழைவோர், கணினி வாங்கப் புகுங்கால் முதற்கண் வினவுவது, "எத்தனை கோர் உடைய செயலி வேண்டும்?" என்பதாம். வினா இயல்பானதே, ஆயினும் அது பெரும்பாலும் வீண்செலவிலேயே கொண்டுபோய் விடுகின்றது. மாணாக்கர் கைப்பொருள் அளவுபட்டது. செயலியிற் கூட்டின் கிராபிக்ஸ் கார்டிற் குறையும். ஆதலின் செயலி செய்யும் தொழில் யாது என ஆராய்ந்து, பின்னர் விலையை நோக்குதல் முறையாகும்.

நொடிக்கு 60 படங்கள் திரையில் தோன்றல் வேண்டுமாயின், ஒரு படத்திற்குக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடியே, 144 படங்களாயின் 7 மில்லிநொடியும் இல்லை. அச்சிறு பொழுதினுள், பகைவர் எங்குளர், எறிந்த பொருள் எவ்வழிச் செல்லும், ஒலி எத்திசையினின்று வரும் என்பனவற்றையெல்லாம் செயலி கணித்து, வரையத்தக்கவற்றைக் கிராபிக்ஸ் கார்டிற்கு ஏவுகின்றது. இவற்றுட் பல, முன்னது முடிந்தாலன்றிப் பின்னது தொடங்க இயலாதன. ஒரு கயிறும் ஒரு வாளியுமே உள்ள கிணற்றிற் பதினாறு பேர் நின்றாலும் நீர் விரைந்து வாராது. இறைப்பவன் கைவன்மையே வேண்டும். ஒவ்வொரு கோரும் தனித்து எத்துணை விரைவுடையது என்பதே விளையாட்டிற்கு முதன்மையாகும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, லினக்ஸுக்கே உரிய ஐயம் ஒன்றுண்டு. விண்டோஸுக்கென இயற்றப்பட்ட விளையாட்டுக்களை ஈண்டு ஓட்டுவது, 1993-ல் தொடங்கிய வைன் என்னும் மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு, வால்வ் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட புரோட்டான் ஆகும். இடையில் ஒரு மொழிபெயர்ப்பு நிகழ்வதால் மிக வலிய செயலி வேண்டுமோ எனப் பலர் அஞ்சுவர். அவ்வச்சம் மிகையானது. விளையாட்டின் கட்டளைகளைச் செயலி நேரே நிறைவேற்றுகின்றது. இயக்குதளத்தை நோக்கிய அழைப்புக்களும், வல்கனுக்கு மாற்றப்படும் கிராபிக்ஸ் ஆணைகளுமே மொழிபெயர்க்கப்படுகின்றன. லினக்ஸிலேயே இயங்கும் ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவி, 2022-ல் நான்கே கோர்களோடு வெளிவந்தமை காண்க. ஆட்டத்திற்கு முன் ஷேடர்களை ஆயத்தம் செய்யுங்கால் மட்டும் மிகுதியான கோர்கள் காத்திருப்பைக் குறைக்கும்.

கோரின் எண்ணிக்கையினும் பெரிதாகிய ஒன்றை அங்காடி விளம்பரங்கள் சிறிய எழுத்தில் இடுகின்றன. அதுவே கேஷ் எனப்படும் அண்மை நினைவகம். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7 5800எக்ஸ், 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி ஆகிய இரண்டற்கும் எட்டுக் கோர்களே. முன்னதன் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், பின்னதற்கோ 4.5 தான். எனினும் பல விளையாட்டுக்களிற் பின்னதே முந்துகின்றது! காரணம், முன்னதன் மூன்றாம் நிலைக் கேஷ் 32 மெகாபைட்டாக, பின்னதற்கு 96 மெகாபைட்டு இருத்தலேயாம். வேண்டிய நூல் மேசைமேலேயே இருப்பவன், ஒவ்வோர் அடிக்கும் நூலகத்திற்கு ஓடுபவனை எளிதில் முந்துவான் அன்றோ? தேர்வுக் காலத்தில் இவ்வுண்மையை அறியாதார் நம்முள் இலர்.

நேரலைக்கு வருவோம். எம் நண்பர் ஒருவர், வாரம் ஒருமுறை நேரலை செய்தற்பொருட்டுப் பதினாறு கோர்ச் செயலியை நாடி, கிராபிக்ஸ் கார்டுக்கென வைத்த தொகையிற் பாதியை அதற்கு மாற்ற முற்பட்டார். யாம் தடுத்தோம். காட்சியைச் சுருக்கி அனுப்பும் பணியை எக்ஸ்264 என்னும் மென்பொருளிடம் விட்டால், அது செயலியின் கோர்களை உண்ணும் என்பது மெய்யே. ஆனால் இக்காலத்துக் கிராபிக்ஸ் கார்டுகளில் அதற்கெனவே தனி உறுப்பு அமைந்துளது. லினக்ஸில் ஓ.பி.எஸ். மென்பொருள், என்விடியா கார்டாயின் என்வென்க் வழியாகவும், ஏ.எம்.டி., இன்டெல் ஆயின் வி.ஏ.ஏ.பி.ஐ. வழியாகவும் அப்பணியை அவ்வுறுப்பிடம் ஒப்படைக்கும். செயலிக்கு நேரும் சுமை சிறிதே. இன்டெல் செயலிகளுள் பெயரிறுதியில் 'எஃப்' எழுத்துடையவற்றில் உள்ளமை கிராபிக்ஸ் இயங்காது. ஆகவே செயலியின் அவ்வுறுப்பை நம்புவோர் அவ்வெழுத்தை உற்று நோக்கி வாங்குக. கார்டு மிகப் பழையதாகி, எக்ஸ்264 ஒன்றே கதியெனின், எட்டுக் கோர் வேண்டுவது நியாயமே.

இன்டெல் 2021-ல் வெளியிட்ட பன்னிரண்டாம் தலைமுறை முதலாகப் பல செயலிகளில் வலிய கோரும் சிறிய கோரும் கலந்துள்ளன. எவ்வேலையை எதனிடம் இடுவது எனத் துணிவது லினக்ஸின் கெர்னல். ஆதலின் அவற்றை வாங்குவோர் புதிய கெர்னலையே கொள்ளல் நன்று.

எத்துணை விலை கொடுப்பினும் செயலியால் தீராத குறை ஒன்றுளது. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் காரணமாகச் சில விளையாட்டுக்கள் லினக்ஸை ஏற்பதில்லை. அபெக்ஸ் லெஜெண்ட்ஸ் 2024-ல் லினக்ஸ் பயனரை விலக்கிவிட்டது. ஆதலின் தாம் விரும்பும் விளையாட்டு ஓடுமோ என்பதை முன்னரே உசாவுக.

நண்பர் முடிவில் ரைசன் 5 7600 வாங்கினார். ஆறு கோர், பன்னிரண்டு இழை, 65 வாட்டு. மீந்த தொகை கிராபிக்ஸ் கார்டிற்குச் சென்றது. அவர் பலகையிலுள்ள ஏ.எம்.5 பொருத்துவாயில், 96 மெகாபைட்டுக் கேஷ் உடைய 7800எக்ஸ்3டியும் அமரும். 2017-ல் விற்ற ஏ.எம்.4 பலகைகள் பலவற்றில், பயோஸைப் புதுப்பித்த பின்னர், 2022-ன் 5800எக்ஸ்3டியே அமர்ந்ததாகலின், அவர் இப்போது அதற்கு விரைய வேண்டுவதில்லை.